செங்குளவி கட்டியவர்

"செங்குளவி, நான்காம் வகை. ஒற்றை ஜெட் என்ஜின், ஒரு விமானி, மூக்கில் நான்கு துப்பாக்கிகள். இதை ஓட்டியவர்களில் ஒருவர் ஓடுபாதையிலேயே எரிந்து போனார். ஒருவர் மலையில் மோதினார். ஒருவர் வானத்தில் தலைகீழாகி, இறக்கை பிய்ந்து, தரைக்கு வரும் முன்பே இறந்தார். காரணம்: விமானி."

இது என் கணினியில் இருக்கும் ஒரு கோப்பின் விவரக் குறிப்பு. எழுதியவன் நான். கடைசி வரியை மட்டும் செங்குளவியைக் கட்டியவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். கோப்பில் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கின்றன. சலவைக்குப் போட்ட துணியைக்கூடத் தேதியில்லாமல் குறித்து வைக்காதவன் நான். ஆனாலும் இங்கே தேதியைத் தரவில்லை. சம்பந்தப்பட்ட ஒருவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெருந்தொற்று அடங்கி, சாகண் தொழிற்சாலைப் பேருந்துகள் மறுபடியும் நிறைந்து ஓடிய ஆண்டு. புனேயில் கணபதி வருவதற்கு முந்தைய மழை மாதங்கள். அவ்வளவு போதும்.

செங்குளவி என்ற விமானம் எந்த நாட்டிலும் பறந்ததில்லை. விமானம் கட்டி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. உடல், இறக்கை, எண்ணெய்த் தொட்டி, என்ஜின், சக்கரம் என்று துண்டு துண்டாக எடுத்து மாட்ட வேண்டும். மாட்டியதைக் காற்றும் எடையும் இரக்கமில்லாமல் சோதிக்கும். கணக்குத் தப்பினால் உள்ளே இருக்கும் சின்னத் தலைக்கவசப் பொம்மை செத்துப்போகும். அதில் அவர் கட்டியதுதான் செங்குளவி. அதைக் கட்டத் தொடங்கியதற்குக் காரணம், அவருடைய கை.

பாணேரில் எங்கள் குடியிருப்பில், எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். நாற்பது வயதிருக்கும், கட்டையான உடல், அகன்ற மணிக்கட்டு. சாகணில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், உடைந்து திரும்பி வரும் பாகங்களைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்வது அவர் வேலை. நாள்பட்டு உலோகம் சோர்ந்து உடைந்திருந்தால், உடைந்த முகத்தில் கிளிஞ்சல் ஓட்டில் இருப்பது போல வரிவரியாக இருக்குமாம். சட்டென்று உடைந்திருந்தால் மணல் போலச் சொரசொரவென்று இருக்குமாம். வீட்டிலும் அதே வேலைதான். உடைந்த கரண்டி, மிக்சியின் பல், பைக்கின் பிரேக் கம்பி, எது உடைந்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொள்வார்.

"எதுவும் ஒரே அடியில உடையாது சார். முன்னாடியே எங்கயாவது கீறிருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. கடைசி அடி மேல பழியப் போட்டுட்டு எல்லாவனும் போயிருவானுவ."

எனக்கு அவரைப் பிடித்துப்போனதும் இதனால்தான். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய விமானங்களின் வரலாற்றை வாசிப்பது என் பொழுதுபோக்கு. விபத்து அறிக்கை கிடைத்தால் சாப்பாடு மறந்துபோகும். காரணம் தேடுகிற ஆள் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தால் விடுவேனா?

ஒருமுறை என் ஸ்கூட்டரின் ஸ்டாண்ட் முறிந்து, வண்டி என் கணுக்கால் மேல் சாய்ந்துவிட்டது. அவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். பனிக்கட்டி வைத்தார். பிறகு கீழே போய் முறிந்த ஸ்டாண்டை எடுத்துவந்து லென்ஸில் பார்த்தார். "வெல்டிங் உள்ள எறங்கவே இல்ல. மேலாப்புல பூசிருக்கான்." அந்த வெல்டிங்காரனின் கடை எங்கே என்று கேட்டார். நான் சொன்னேன். வண்டியைச் சரிசெய்துவரப் போகிறார் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தவரின் வலது கைமுட்டி வீங்கியிருந்தது. அந்த ஆளின் உதடு கிழிந்துவிட்டதென்று மறுநாள் காவலாளி சொன்னான்.

இதுதான் அவர். முதலில் கை போகும். பிறகு காரணம் வரும். காரணம் எப்போதும் துல்லியமாக இருக்கும். எப்போதும் வேறு எங்கோ இருக்கும்.

கோடையில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரிதான் கதி. ஒருநாள் பின்னால் எடுத்த லாரி அவருடைய பைக்கைத் தள்ளிக் கவிழ்த்தது. ஓட்டுநர் கீழே இறங்கி வாய் திறக்கும் முன் அவருடைய முஷ்டி அந்த ஆளின் தாடையில் இருந்தது. நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். ஓட்டுநர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கிளீனர் ஸ்பானரை எடுத்து இவர் முகத்தில் அடித்தான். இவர் விழவில்லை. அதே ஸ்பானரைப் பிடுங்கி லாரியின் முன் கண்ணாடியை அடித்து நொறுக்கினார். காவலாளி "சாப், சாப், ஜானே தோ" என்று, விட்டுவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே தூரமாகவே நின்றான். நான் இறங்கி ஓடும்போது இவர் குனிந்து தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். புருவத்திலிருந்து ரத்தம் சொட்டியது. தேடியது தன் பல்லின் துண்டை. எடுத்து, சட்டையில் துடைத்து, லென்ஸில் பார்த்தார்.

"பாருங்க சார். ஏற்கனவே சொத்த இருந்திருக்கு. அவன் அடியில உடையல."

காவல் சாவடியில் மராத்தி பேச என்னைத்தான் கூட்டிப்போனார்கள். கண்ணாடிக்குப் பணம் கொடுத்துச் சமாதானமாக முடிந்தது. "காகா, ஹ்யான்னா சாம்பாளா" என்றார் அந்தக் காவலர் என்னிடம். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பாம்பைப் பற்றிச் சொல்வது போன்ற குரல்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி கதவைத் திறந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். பதறவில்லை. கணவரை உட்காரவைத்து, வெந்நீரில் பஞ்சை நனைத்துப் புருவத்தைத் துடைத்தபடியே என்னிடம் பேசினார்.

"ஊருல உள்ளவன அடிச்சா போலீசு பாத்துக்கிடும் சார், எனக்கென்ன. ஆனா ஒண்ணு, நீங்களும் கேட்டுக்கிடுங்க. போன தீவாளிக்கு மறுநாள் எம்மேல கைய வச்சாரு. இன்னொரு தடவ எம்மேல அடி விழுந்தா, அன்னைக்கு சாயங்காலம் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன். சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டுமேன்னுதான் உங்கட்ட சொல்லுதேன்."

"அன்னைக்கு தோசக்கல்லு சுட்டுட்டு சார்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "சுட்ட வேகத்துல கை வந்துட்டு."

"தோசக்கல்லு இந்தப் பக்கம் கெடந்துது. நான் அந்தப் பக்கம் நின்னேன்," என்றார் டீச்சர். பஞ்சை மாற்றினார்.

அந்த வாரத்திலேயே எதிர் கட்டடத்துக் கோவைக்காரர் வந்தார். மென்பொருள் வேலை, முப்பது வயது, தனியாள், ஓயாத வாய். டீச்சர் கையால் ரசம் சாப்பிட அடிக்கடி வருபவர்.

"அண்ணனுக்குக் கை துறுதுறுங்குதுங்க டீச்சர். எங்கிட்ட ஒரு கேம் இருக்குது. அதுல எத்தன உடைச்சாலும் போலீஸ் வராதுங்க."

"அங்கன எத்தன பேர வேணும்னாலும் கொல்லட்டும்," என்றார் டீச்சர். "கொண்டு வாங்க."

சனிக்கிழமை மதியங்களில் அவர் வீட்டுக் கூடத்தில், பெரிய தொலைக்காட்சியில் விளையாட்டைப் போட்டுக்கொண்டு உட்காரத் தொடங்கினோம். நிபந்தனைகளை வகுத்தது நான். ஜெட் பிறந்த புதிதில் என்னென்ன இருந்தனவோ அவற்றை மட்டும் வைத்து ஒரு சண்டை விமானம் கட்ட வேண்டும். அந்தக் கால என்ஜின்கள் பலவீனமானவை; விசையைச் சட்டென்று முன்னே தள்ளினால் தீப்பிடிக்கும். ராடார் கிடையாது. அடிபட்டால் இருக்கையோடு விமானியை வெளியே எறிந்து காப்பாற்றும் வசதி கிடையாது. நான்கு துப்பாக்கி, ஒரு என்ஜின், ஒரு உயிர். கோவைக்காரர் ஒன்று கட்டுவார், அவர் ஒன்று கட்டுவார், இரண்டும் வானத்தில் மோதும். கற்பனை விமானங்களின் வரலாற்றை நான் எழுதுவேன்.

கோவைக்காரரின் விளையாட்டுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டியவர் ஓட்டக் கூடாது. "கட்டினவன் கைக்கு அதோட கோளாறு தெரியுமுங்க. தன்னால சமாளிச்சுக்கும். வேற கை ஓட்டுனாத்தான் உண்மை வெளிய வரும்."

அதனால் செங்குளவியை ஓட்டியது டீச்சர்.

யாரும் எதிர்பார்க்கவில்லை, கணவரும் எதிர்பார்க்கவில்லை, டீச்சர் அத்தனை நன்றாக ஓட்டினார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுக்கு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, வகுப்பில் கணக்கு நடத்தும் அதே குரலில் தன் சாவை வர்ணிப்பார். "என்ஜின் பிடிச்சிட்டு... தீ உள்ள வருது... இடது இறக்கை போச்சு... செத்தாச்சு. அடுத்தது."

டீச்சர் செத்தது போதாது அவர் கணவருக்கு. விளையாட்டில், நடந்ததை மெதுவாகத் திருப்பி ஓட்டிப் பார்க்கலாம். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முதல் விரிசல் விழும் நொடியில் நிறுத்துவார். கவசத்துக்குள் நெருப்பு நுழையும் நொடியில் நிறுத்துவார். பொம்மையின் கைகள் மேலே தூக்கியபடி உறைந்து நிற்கும். கல்யாண ஆல்பம் பார்ப்பவர் போல முகம் இளகிப்போகும்.

"காரணம்?" என்று நான் விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

"விமானி. எழுதுங்க."

"ஏங்க, விமானி நான்தான்," என்பார் டீச்சர்.

"ஒன்னச் சொல்லல. அந்தப் பொம்மையச் சொல்லுதேன்."

"பொம்மைக்குக் கை ஏது? எங்கைதான்."

கோவைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது உடைந்த பல்லின் இடைவெளி தெரியும். அந்த மழைக்காலம் முழுக்க அவர் யாரையும் அடிக்கவில்லை. பேருந்தில், தொழிற்சாலையில், சந்தையில், எங்கும் இல்லை. டீச்சர் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "சார், வார கோவமெல்லாம் விமானத்துக்கே போயிருது, இப்படியே இருந்தாப் போதும்" என்றார். அந்த முகத்தில் நம்பிக்கையைப் பார்த்தேன்.

ஆனால் செங்குளவியில் ஒரு கோளாறு இருந்தது.

விளையாட்டில் விமானத்தைக் கட்டும்போது இரண்டு உருண்டைகள் தெரியும். மஞ்சள் உருண்டை எடையின் மையம். நீல உருண்டை காற்று தூக்கும் இடத்தின் மையம். மஞ்சள் எப்போதும் நீலத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் மூக்கு மேலே எகிறி, விமானம் கரணம் அடிக்கும். அவர் கட்டிமுடித்ததும் பார்ப்பார், மஞ்சள் முன்னால் இருக்கும், திருப்தியாகிவிடும். ஆனால் அது தொட்டிகள் நிறைந்திருக்கும்போது. செங்குளவியில் முதலில் காலியாவது முன் தொட்டி. சுடச்சுட மூக்கிலிருக்கும் குண்டுகளும் தீரும். மூக்கு இலேசாகிக்கொண்டே வரும், வால் கனத்துக்கொண்டே போகும், மஞ்சள் உருண்டை மெல்லப் பின்னால் நகரும். புறப்படும்போது சாதுவாக இருக்கும் விமானம், சண்டையின் கடைசியில் தன் விமானியைக் கொல்லும்.

கண்டுபிடித்தது டீச்சர்தான். மூன்று முறை ஒரே மாதிரி கவிழ்ந்து செத்தபிறகு, தொட்டிகளைக் காலி செய்துவிட்டு உருண்டைகளைப் பார்க்கச் சொன்னார்.

"ஓட்டத் தெரியாதவ சாக்குச் சொல்லாத," என்றார் அவர்.

"பாக்கதுக்கு என்ன? ஒரு விசைய அமுக்கினாத் தெரிஞ்சிரும். பின் டேங்க் மொதல்ல காலியாகும்படி மாத்துங்க. இல்லன்னா மூக்குல ரெண்டு கட்டி ஈயம் வைங்க."

"ஈயம் வச்சா அது சண்ட விமானமா? தண்ணி லாரி."

"தண்ணி லாரி ஆளக் கொல்லாதுல்லா."

கோவைக்காரர் "ஆகா" என்றார். டீச்சரின் கணவர் எழுந்தார். டீச்சர் கீழே வைத்திருந்த ஓட்டுக்குச்சியை, ஜாய்ஸ்டிக்கை, எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். பிளாஸ்டிக் முறியும் சத்தம் கூடத்தில் வெடித்தது. கோவைக்காரரின் சிரிப்பு நின்றது. டீச்சர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். மிட்டாயைக் கடிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார். கணவர் முறிந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மட்டமான சரக்கு. உள்ள பூரா குமிழு."

"எதுவும் ஒரே அடியில உடையாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க," என்றார் டீச்சர். "தீவாளிக்கு மட்டும் ஒரே அடின்னு சொல்லுதீங்க. அதுக்கு முன்னாடி கீறலே இல்லையோ?"

அவர் உள்ளே போனார். குளியலறைக் கதவில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். கதவில் தலை நுழையும் அளவு ஓட்டை. சிராய்ந்து ரத்தம் கசிந்த கையை ஓட்டைக்குள்ளேயே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "உள்ள அட்டதான் சார் வச்சிருக்கான், பில்டரு. மரமே இல்ல."

கோவைக்காரர் படியில் இறங்கும்போது என் காதில் சொன்னார்: "நாம எதுக்குங்க சார் இனி போகணும்? பயமா இருக்குது." ஆனால் அடுத்த சனிக்கிழமை போனோம். நாங்கள் போகாவிட்டால் அந்தக் கை எங்கே போகும் என்ற நினைப்பு இருவருக்குமே இருந்தது. டீச்சரும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

அதுதான் கடைசிச் சனிக்கிழமை. கணபதி ஊர்வலத்துக்காக எங்கள் தெருக்கோடியில் இளைஞர்கள் டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூடத்தில் தொலைக்காட்சிக்கு எதிரே இரண்டு சக்கர நாற்காலிகள். இடதுபுறம் அவர், வலதுபுறம் டீச்சர், கையில் புது ஜாய்ஸ்டிக். நான் பக்கவாட்டு சோபாவில். கோவைக்காரர் எங்களுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையில், தன் மடிக்கணினியோடு. அவர் கட்டிய விமானத்தின் பெயர் எருமை; ஓட்ட வேறு கை இல்லாததால் அதை அவரே ஓட்டிக்கொண்டார். பருத்த உடல், மொண்ணை மூக்கு, மூக்கு நிறைய ஈயம்.

"தொட்டிய மாத்தினீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"நீ ஓட்டு."

அப்படியொரு சண்டையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. செங்குளவி மேகத்துக்கு மேலிருந்து பாய்ந்து, எருமையின் முதுகில் குண்டுகளைத் தைத்துக்கொண்டே போனது. எருமையின் வால் சிறகு கிழிந்து தொங்கியது. கோவைக்காரர் திருப்பிச் சுட்டதில் செங்குளவியின் கண்ணாடி மூடி சிதறி, பொம்மையின் தோளில் சிவப்பு படர்ந்தது. டீச்சர் சுற்றி வந்து மறுபடி பாய்ந்தார். எருமையின் என்ஜினிலிருந்து கரும்புகை. அது உயரம் இழந்து, கீழே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு திருப்பம் பாக்கி.

"முன் தொட்டி தீந்துட்டு," என்றார் டீச்சர். "குண்டும் கொஞ்சந்தான் இருக்கு. இப்ப திருப்பினா கவுந்துரும். நேரா போய் எறக்கிருதேன்."

"திருப்பு."

"கவுந்துரும்னு சொல்லுதேன்லா."

"திருப்புளா!"

டீச்சர் திருப்பினார். மூக்கு மேலே எகிறியது. விமானம் தன் வாலின் மேலேயே உட்காருவது போல நின்றது. பிறகு பின்புறமாகச் சுழன்றது. வலது இறக்கை பிய்ந்து, பிய்ந்த இடத்திலிருந்து தீ நீளமாக இழுத்தது. பொம்மை கைகளைத் தூக்கியிருந்தது. எருமை புகைந்துகொண்டே கீழே தப்பிப் போனது.

பின்னாலிருந்து கோவைக்காரரின் குரல்: "டீச்சர் மேல தப்பே இல்லைங்ணா. நாலு வகை கட்டியும் மூக்கைத் தூக்கிட்டுத்தான் நிக்குது, கட்டினவரு மாதிரியே!"

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. டோல் சத்தத்துக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போல.

நான் திரும்பியபோது அவர் நின்றுகொண்டிருந்தார். டீச்சரின் நாற்காலி ஒரு முழம் தள்ளிப்போயிருந்தது. டீச்சர் இடது காதைப் பொத்தியிருந்தார்.

"எந்திரிச்சேன்," என்றார் அவர். "எந்திரிக்கையில முழங்கை பட்டுட்டு. பக்கத்துலேயே உக்காந்திருந்தாள்லா."

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா சார்?"

"நான் திரையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன் டீச்சர்."

அது உண்மை. எரிகிற விமானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானும் என்ர லேப்டாப்பைத்தானுங்க பார்த்தேன்," என்று கோவைக்காரர் எழுந்து வந்தார். "அண்ணா, என்னங்ணா இது? டீச்சர் காதைப் பாருங்க, எப்படிச் செவந்து..."

முடிக்கவில்லை. அவர் கை கோவைக்காரரின் மூக்கில் இறங்கியது. இதை நான் பார்த்தேன். முஷ்டி, நேராக, தோளின் முழு எடையோடு. கோவைக்காரர் மேசையில் மோதி, மடிக்கணினியோடு தரையில் சரிந்தார். அவர் மேலே குனிந்து சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று வைத்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். ஒரு சுவரைப் பிடித்தது போல இருந்தது. "இவன் வாயாலதான்! இவன் வாயாலதான் எல்லாம்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். கோவைக்காரரின் ரத்தம் மடிக்கணினியின் எழுத்துகளின் மேல் சொட்டியது.

கை ஓய்ந்தபோது டீச்சர் கூடத்தில் இல்லை. உள்ளறையில் அலமாரி திறக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு தோள்பையோடு வந்தார். போகிற வழியில் ஃபிரிட்ஜைத் திறந்து, பனிக்கட்டியை ஒரு துண்டில் சுற்றி, கோவைக்காரரின் கையில் கொடுத்தார்.

"முழங்கைதான்," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "சத்தியமா."

"இருக்கட்டும்," என்றார் டீச்சர். "கையா முழங்கையான்னு நீங்க கண்டுபிடிச்சு வைங்க. எனக்கு வலிச்சுது. நான் கெளம்புதேன்."

"மழை வருது," என்றார் அவர்.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார். நெடுஞ்சாலையில் பெங்களூருப் பேருந்துகள் நிற்கும் இடம் வரை நான் கூடப் போனேன். அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். வழியெல்லாம் என் இடது பக்கமாகவே நடந்தார். தன் இடப்பக்கம் நின்று பேசினால் கேட்கவில்லை என்றார்.

கோவைக்காரருக்கு மூக்கெலும்பு முறிந்திருந்தது. புகார் கொடுக்கவில்லை. "டீச்சருக்காகத்தானுங்க" என்றார். அந்த மாதமே வேறு பகுதிக்கு வீடு மாறினார்.

கணபதி கரைந்த வாரத்தில் டீச்சரின் கணவர் என் கதவைத் தட்டினார். சவரம் செய்யவில்லை. கையில் அளவு நாடா.

"சார், ஒரு சோதனை. கொஞ்சம் வாங்க. தொழிற்சாலையில நாங்க இப்பிடித்தான் செய்வோம். எப்பிடி உடைஞ்சுதோ அப்பிடியே திரும்ப உடைச்சுப் பாப்போம். அப்பத்தான் யாரும் மறுக்க முடியாது. நீங்க தேதி வாரியா எழுதுதவரு. நீங்க சொன்னா அவ நம்புவா. வந்துருவா."

போனேன். கூடத்தில் அதே இரண்டு நாற்காலிகள் அதே இடத்தில் இருந்தன. தரையில் சுண்ணக்கட்டியால் சக்கரங்களின் இடத்தைக் குறித்திருந்தார். என்னை டீச்சரின் நாற்காலியில் உட்காரவைத்தார். திரையைப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, சட்டென்று எழுந்தார்.

முழங்கை என் தோளில் பட்டது. இலேசாக.

"இன்னொருக்கா."

மறுபடி எழுந்தார். மறுபடி தோள். நாற்காலியை நெருக்கிப் போட்டார். இந்த முறை வேகமாக. என் காறையெலும்பில் இறங்கியது. வலியில் கண்ணீர் வந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க சார்." தன் நாற்காலியை உயர்த்தினார். எழுந்தார். என் மேற்கை. எழுந்தார். மறுபடியும் தோள். ஒவ்வொரு முறையும் வேகம் கூடிக்கொண்டே போனது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை, நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டவர் போல. கடைசியில் முழங்கையைத் தானாகவே உயர்த்தி வீசினார். என் தாடையின் விளிம்பில் பட்டது. நாக்கைக் கடித்துவிட்டேன். வாயில் ரத்தம்.

"போதும்," என்றேன்.

அவர் குனிந்து என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். என் காதுக்கும் தாடையில் பட்ட இடத்துக்கும் நடுவே நாடாவை வைத்தார்.

"காதுக்கு வரல," என்றார். கொஞ்ச நேரம் நாடாவையே பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "உங்க ஒயரம் சார். நீங்க நெட்ட. அவ குட்ட. அதான் வரமாட்டேங்கு."

"டீச்சர் உயரம் எவ்வளவு?"

வாயைத் திறந்தார். கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினார். யோசித்தார். கையைத் தோளுக்கு ஏற்றினார். மறுபடி கொஞ்சம் இறக்கினார்.

"நீங்களே கேளுங்க. எம் போன எடுக்க மாட்டா."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து டீச்சருக்குப் போன் போட்டேன். அவரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"இருங்க சார், இந்தக் காதுல சரியாக் கேக்கல, மாத்திக்கிடுதேன்." பின்னணியில் பெங்களூர்ப் பேருந்துகளின் ஹாரன். "சொல்லுங்க."

நடந்ததைச் சொன்னேன். சோதனை, நாற்காலி, முழங்கை. உயரம் மட்டும் தெரிந்தால் மறுபடி செய்து பார்க்கலாம் என்கிறார் என்று சொன்னேன்.



"கல்யாணமான நாள்லேருந்து பக்கத்துல நின்னவரு சார்," என்றார் டீச்சர். "எம் ஒயரம் அவருக்குத் தெரியாதா?"

போன் அணைந்தது. அவர் கை இன்னும் தோளுக்கு நேரே, காற்றில் நின்றது.

பிறகு அவரும் வீட்டைக் காலி செய்துவிட்டார். தொழிற்சாலை அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகக் காவலாளி சொன்னான். டீச்சர் பெங்களூரில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறார். எப்போதாவது பேசுவோம். அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை. ஆகவே அந்தச் சோதனை முடிவில்லாமலே நிற்கிறது. டீச்சரின் உயரம் என்ன என்பது உறுதிசெய்யப்படவில்லை.